சாவிக்குக் கிழக்கே

"சாவிக்கு இடது பக்கம் என்ன இருக்கு, வேலாண்டி ஐயா?"

மூன்றாவது தடவையாகக் கேட்டார் டாக்டரம்மா.

வேலாண்டி தன் மடிமேல் இருந்த தட்டையே பார்த்தார். நடுவில் சாவி. ஒரு பக்கம் சீப்பு, மறுபக்கம் தம்ளர். சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

பக்கத்தில் நின்ற அவர் பெண்டாட்டி கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தாள்.

பக்கவாதத்தில் விழுந்து நான்கு நாள். இன்றைக்குத்தான் கண் திறந்து, பெண்டாட்டியை அடையாளம் கண்டு, குழறிக் குழறி நாலு வார்த்தை பேசியிருக்கிறார். உயிர் பிழைத்தாயிற்று. புத்தி பிழைத்ததா என்பதுதான் இனித் தெரியவேண்டும்.

"சீப்பு," என்றார்.

இடது பக்கம் இருந்தது தம்ளர்.

டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கிவிட்டுக் காகிதத்தில் ஏதோ எழுதினார்.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

இந்த மனுஷன் என்றைக்கு இடது வலது பார்த்தார்? கரிசக்காட்டில் உழுத ஆள். சாப்பிட உட்கார்ந்தால், "ஊறுகாய வடக்க தள்ளி வையி" என்பார். முதுகு சொறியச் சொன்னால், "இன்னும் கொஞ்சம் மேக்க" என்பார். முப்பத்தெட்டு வருஷமாக அவளும் மேற்கே சொறிந்துகொண்டுதான் இருக்கிறாள்.

ஜன்னலைப் பார்த்தாள். காலை வெயில் நேரே கட்டிலில் விழுந்தது.

"செத்த நேரம் எழுதாதீங்கம்மா. நான் கேக்கேன்."

குனிந்தாள்.

"இங்க பாருங்க. சாவிக்குக் கிழக்க என்ன இருக்கு?"

அவர் வெயிலைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார்.

"தம்ளர்."

"மேக்க?"

"சீப்பு."

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

வேலாண்டி இன்னொரு முறை ஜன்னலைப் பார்த்தார். தலையைத் திருப்பித் தலைமாட்டைப் பார்த்தார். முகம் கடுகடுவென்று ஆனது. நாக்குக் குழறினாலும் ஒரு சொல் விடாமல் விளங்கியது.

"எந்தக் கூறுகெட்டவன் என்னைய வடக்க தல வச்சுப் போட்டது?"

நான்கு நாளாக நெஞ்சில் அடைத்துக் கிடந்தது அவளுக்கு இறங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது.

"என்னம்மா சொல்றாரு?"

"வடக்க தல வச்சுப் படுக்கக் கூடாதுல்லா. அதான் திட்டுதாக."

அதைச் சொல்லும்போது அவளுக்கு அவ்வளவு பெருமை.

டாக்டரம்மா எழுதியதை அடித்தார். பேனாவைப் பையில் செருகிவிட்டு, கட்டிலின் சக்கரப் பூட்டைக் காலால் தட்டிவிட்டார்.

"எந்தப் பக்கம் திருப்பணும்?" என்று அவரிடமே கேட்டார்.