பூட்டி வைத்த மக்கா வேர்

"ஒரு ஸ்பூன் பொடிக்கு அலமாரியில பூட்டா? உங்க அண்ணி இவ்வளவு கஞ்சம்னு தெரியாமப் போச்சே!"

இளையவள் பொரிந்து தள்ளினாள். அவள் கணவன் பேப்பருக்குள் தலையை இழுத்துக்கொண்டான்.

"அம்மிக்கும் குழவிக்கும் நடுவுல விரலை வைக்க நான் தயாரா இல்ல, தாயே."

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. அவளும் மூத்தவளும் ஓரகத்திகள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்; அக்கா தங்கை என்பார்கள். மாடியில் வீடு, கீழே தையல் கடை. பகல் முழுக்க எதிரெதிர் மிஷின், ஓயாத அரட்டை.

மூத்தவளுக்கு மாதவிலக்கு நிற்கிற வயது. ஃபேனுக்கு அடியிலேயே வியர்த்துக் கொட்டும். யாரோ மக்கா வேர்ப் பொடியைச் சொன்னார்கள்.

"மக்காச்சோளமாக்கா?"

"அதில்லடி, எங்கேயோ மலை உச்சியில விளையற கிழங்காம். முள்ளங்கிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி!"

டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தாள். "பெரிய ஆதாரம்னு இன்னும் இல்லம்மா. சிலருக்குக் கேக்குது. உங்களுக்குத் தைராய்டு, ஹார்மோன் தொந்தரவு இல்ல, கொஞ்சமா எடுத்துப் பாருங்க" என்றார் அவர்.

காலையில் பாலில் ஒரு ஸ்பூன். போகப்போக வியர்வை குறைந்தது, மிஷின் பறந்தது.

"பொடியோ, என் நம்பிக்கையோ, ஏதோ ஒண்ணு வேலை செய்யுதுடி!" என்று சிரித்தபடி இளையவளுக்கும் ஒரு டம்ளர் நீட்டுவாள்.

அந்த டம்ளர்தான் திடீரென்று நின்றுபோனது. அதுவும் எப்போது? பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்து, இளையவள் மிஷின் மேலேயே தூங்கி விழுந்துகொண்டிருந்தபோது.

"அக்கா, அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. எனக்கும் ஒரு ஸ்பூன் போடுங்களேன்."

"தீர்ந்துபோச்சுடி."

மறுநாள் காலை சமையலறைக் கதவிடுக்கில் பார்த்தாள். மூத்தவள் திரும்பி நின்று கலக்கிக் குடித்துவிட்டு, டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அன்றிலிருந்து கடையில் அரட்டை இல்லை. "நூல்", "கத்திரி" என்பதோடு சரி. மூத்தவளோ அவளை மிஷினிலிருந்தே எழுப்பிவிட்டு, பட்டன் தைக்கிற வேலையைக் கொடுத்தாள்.

'ஓகோ, ஓரங்கட்டறாங்களா?' இளையவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அசதின்னா டாக்டர்கிட்ட போயிட்டு வாயேன், கடையை நான் பார்த்துக்கறேன்" என்றாள் மூத்தவள், தலை நிமிராமல்.

"போறேன்! அவரையே கேட்டு, எனக்குன்னு தனி டப்பா வாங்கிக்கறேன்!"

டாக்டர் நாலு கேள்வி கேட்டார். ஒரு பரிசோதனை செய்தார். அவர் முகம் மலர்ந்தது.

"மக்கா இப்ப வேண்டவே வேண்டாம். கர்ப்பமா இருக்கறவங்களுக்கு அது பாதுகாப்பான்னு இன்னும் யாரும் சரியா சோதிச்சுப் பார்க்கல. கொஞ்ச நாளா அந்தப் பொடியைச் சாப்பிடலையே?"

"யாரு... கர்ப்பமா இருக்கறவங்க?"

"நீங்கதாம்மா!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் காத்திருந்த வார்த்தை. எத்தனை முறை நாள் தள்ளிப்போனது, வீடே கொண்டாடியது! கடைசியில் 'இல்லை' என்றானதும் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுததுதான் மிச்சம்.

இந்த முறை கையில் ரிசல்ட்டே இருந்தது.

கடை வாசலிலிருந்தே கத்தினாள். "அக்கா! நீங்க பெரியம்மா ஆகப்போறீங்க!"

மூத்தவள் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அளவு கொடுக்க வந்த பெண்கள் கைதட்டினார்கள். மாடியிலிருந்து கணவன் செருப்பில்லாமல் இறங்கி வந்தான். சிரிப்பும் அழுகையுமாகக் கடையே இரண்டுபட்டது.

சட்டென்று இளையவள் நிமிர்ந்தாள்.

"அக்கா... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"புதுத் துணி வாசனைக்கு உயிரை விடறவ நீ, திடீர்னு மூக்கைப் பொத்திக்கிட்ட. அப்பவே மனசுல தட்டுச்சு. கர்ப்பிணிங்க சாப்பிட வேண்டாம்னு டப்பா மேலயே போட்டிருந்துச்சு, அதான் பூட்டினேன்."

"அதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமே! உங்களை என்னவெல்லாம் திட்டினேன்!"

மூத்தவள் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"என் மேல கோபம்னா நாலு நாள்ல ஆறிடும்டி. நான் வாய் தவறி ஆசை காட்டி, அது இல்லைன்னு ஆகி, மறுபடி நீ கதவைச் சாத்திக்கிட்டு அழுதா... வெளியில நின்னு கேட்கற தெம்பு எந்தப் பொடியிலயும் இல்ல!"