தினம் பத்து வார்த்தை

“ஆப்டிட்யூட்னா என்னங்க?”

“திமிர்.”

“அது ஆட்டிட்யூட். நேத்தும் இதையேதான் சொன்னீங்க.” சட்டையில் பித்தான் தைத்துக்கொண்டே, பக்கத்தில் விரித்து வைத்திருந்த நோட்டை ஓரக்கண்ணால் பார்த்தாள் மனைவி. “ஆப்டிட்யூட்னா ஒரு விஷயத்தைக் கத்துக்க ஒருத்தருக்கு இயல்பாவே இருக்கற திறன்.”

“உதாரணம் சொல்லு. அப்பதான் என் மண்டையில ஏறும்.”

“அந்தப் பொண்ணுக்குக் கணக்குல நல்ல ஆப்டிட்யூட் இருக்கு.”

“இங்கிலீஷ்ல சொல்லும்மா. பரீட்சையில தமிழ்லயா கேக்கப் போறாங்க?”

பல்லைக் கடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னாள்.

அவர் பள்ளிக்கூட வேன் டிரைவர். கண் பரிசோதனையில் தவறிவிட்டதாகவும், பெரிய விடுமுறைக்குப் பிறகு வண்டி தர மாட்டார்கள் என்றும் நாலு மாதம் முன்பு வந்து சொன்னார். அதே பள்ளியில் வகுப்பு உதவியாளர் வேலை ஒன்று காலி. அதற்கு ஒரு தேர்வு. படிப்பையும் பிள்ளைகளின் திறமையையும் பற்றி ஆசிரியர்கள் எழுதும் ஆங்கில வார்த்தைகள்தான் பாடம். தேறாவிட்டால், தையல் கடைக்காக அவள் தைத்துக் கொடுக்கும் பித்தான்களை நம்பித்தான் குடும்பம் ஓட வேண்டும்.

அன்று முதல், வேன் கிளம்புவதற்கு முன் தினம் பத்து வார்த்தை. அவள் கேட்க வேண்டும். அவர் பதில் சொல்ல வேண்டும்.

“அண்டர்அச்சீவர்?”

“நான்தான்.”

“அர்த்தத்தைக் கேட்டேன்.”

“அதான் அர்த்தம்.”

“திறமை இருந்தும் அதுக்கேத்த மார்க் வாங்காதவங்க. உங்களுக்கு அந்த முதல் பாதி பொருந்தாது.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“சிரிங்க. நாலு மாசமா மல்லுக்கட்டறேன். இந்தச் சுவத்துக்குச் சொல்லிக் கொடுத்திருந்தா இந்நேரம் அதுக்கு வேலை கிடைச்சிருக்கும்.”

“நீ மட்டும் என்னவாம்? இதே பள்ளிக்கூடத்துக்கு இன்டர்வியூ போய், எதிர்ல மூணு பேரைப் பார்த்ததும் வாயே திறக்காம திரும்பி வந்தவதானே?”

“அதுக்கப்புறம் அந்தப் பக்கம் நான் தலைவெச்சுக்கூடப் படுக்கலையே. என் லட்சணம் எனக்குத் தெரியும். சரி, டிலிஜென்ட்?”

“சோம்பேறி.”

“கடவுளே! அப்படியே தலைகீழ். விடாம உழைக்கறவங்க.”

“உதாரணம்?”

ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மூன்றாக, மூச்சுவிடாமல் சொல்லித் தீர்த்தாள். கோபத்தில் நூல் அறுந்தது.

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டார். “மிச்சம் ஒண்ணு இருக்கு. சாயங்காலம் கேளு.”

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேனைக் கழுவிக்கொண்டிருந்தபோது அப்படியே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். குழாயை யாரும் மூடாததால் வேன் நிற்குமிடம் முழுக்கத் தண்ணீர் ஓடியிருந்தது.

மூன்றாவது வாரம், வேனின் மாற்றுச் சாவியைக் கொடுப்பதற்காக அவள் பள்ளி அலுவலகத்துக்குப் போனாள். யாரிடமாவது கொடுத்து அனுப்பு, நீ எதற்கு அலைகிறாய் என்று அவளுடைய அண்ணன் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

அலுவலகத்தில் இருந்த எழுத்தர் அம்மாள் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். சாவியை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“இன்னொரு விஷயம் மேடம். இந்தச் சனிக்கிழமை பரீட்சைக்கு அவர் பேரு இருக்கும். அதை அடிச்சிடுங்க. காத்திருக்கற வேற யாருக்காவது அந்த இடம் கிடைக்கட்டும்.”

எழுத்தர் சாவியை மேசைமேல் வைத்தார். “டிரைவர் அண்ணன் பேர்ல விண்ணப்பமே இல்லையேம்மா.”

“இருக்கும் மேடம், பாருங்க. கண்ணு டெஸ்ட்ல போயிடுச்சுன்னு இந்த வேலைக்குப் போட்டிருந்தார்.”

“கண்ணா? அண்ணனுக்குக் கழுகுக் கண்ணுன்னு டெஸ்ட் பண்ண டாக்டரே சொன்னாரே. இன்னும் பத்து வருஷம் வண்டி அவர்கிட்டதான் இருந்திருக்கும்.”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்ப தினமும் உக்காந்து படிச்சாரே... நான்தானே எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்தேன். ஒண்ணுகூட அவருக்கு ஏறல.”

“துக்கம் கேக்க உங்க வீட்டுக்கு வந்தன்னிக்கே சொல்லிடணும்னு நெனச்சேன். வாய் வரல. வெள்ளிக்கிழமை வரைக்கும் மூச்சுவிடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தார் அண்ணன். முன்கூட்டியே தெரிஞ்சா ஓடிடுவான்னு சொன்னார்.”

“யாரு ஓடிடுவா?”

எழுத்தர் கோப்பிலிருந்து ஒரு படிவத்தை உருவி அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

படிவம் முழுக்க அவருடைய கையெழுத்து. அடித்தல் திருத்தம் இல்லாத, பிழையில்லாத ஆங்கிலம். மூலையில் ஒட்டியிருந்தது அவளுடைய புகைப்படம், விண்ணப்பதாரர் பெயர் அவளுடையது, அவள் கையொப்பமிட வேண்டிய கட்டம் மட்டும் காலியாக இருக்க, அதற்குக் கீழே அச்சிட்டிருந்தது: தேர்வு, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி.