சாவு வீட்டுல டிஸ்கோ

"என்னா குமரவேலு, இது சாவு வீடா, கரவோக்கே கடையா? இன்னும் ரெண்டு தடவ ஓடுச்சினா உங்கண்ணனே பெட்டியிலேர்ந்து எந்திரிச்சி ஆடிருவாரு லா!"

சிவானந்தம் மாமா சொன்னதும் கூடாரத்துல பாதிப் பேரு வாயப் பொத்திக்கிட்டாங்க. குமரவேலுக்கு மூஞ்சி செவந்து போச்சி.

ரவாங்குலேர்ந்து அடிச்சிப் புடிச்சி வந்திருக்காரு மனுஷன். அண்ணன் அர்ஜுனன், கோலா சிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டத்துலேர்ந்து எண்ணெய் மில்லுக்குக் குலை ஏத்துற லோரி ஓட்டுனவரு. நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனவரு பொணமா வந்துட்டாரு. நடுவீட்டுல பெட்டி. வாசல்ல ஸ்பீக்கர். அதுல தேவாரமா ஓடுது? கேசட் காலத்துக் காதல் பாட்டு! நடுவுல ஒரு பொண்ணு கிளுகிளுன்னு வேற சிரிக்குது. முடிஞ்சா, திரும்ப அதே பாட்டு.

போடச் சொன்னது யாரு? செத்தவரோட பொண்டாட்டி ராஜம்மா!

குமரவேல் நேரா அண்ணிகிட்ட போனாரு.

"அண்ணி, பாட்ட நிறுத்துங்க. ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும் தம்பி."

"உறுமி மேளமும் வேணாம்னுட்டீங்களாம். எங்கண்ணன் என்ன அனாதையா?"

"அந்தச் சத்தம் வேணாம்."

"கொள்ளி வைக்க அகிலன் எங்க?"

"பின்னால இருக்கான். கொள்ளி நீங்க வைங்க தம்பி."

அகிலன் ஒரே மவன். வயசு இருவத்தாறு, புத்தி மட்டும் சின்னப் புள்ளையாவே நின்னு போச்சி. அதுக்காக? அப்பன் மூஞ்சியக் கடைசியா ஒரு தடவ பாக்க வேணாமா?

"பெத்த புள்ளைய அடைச்சி வச்சிட்டு டிஸ்கோவா போடுறீங்க? நான் இருக்கும்போது எங்கண்ணனுக்கு இந்தக் கேவலமா?"

தீபாவளிக்குக்கூட வாட்ஸ்அப்புல விளக்குப் படம் அனுப்புறதோட சரின்னு இருந்த ஆளு. இன்னைக்குப் பாசம் பொங்கி வழியுது. ஸ்பீக்கர் வயர வெடுக்குன்னு புடுங்கிட்டாரு.

கப்சிப்.

உடனே வீட்டுக்குப் பின்னாலேர்ந்து ஒரு அலறல். அப்புறம் ணங்கு ணங்குன்னு இரும்புச் சத்தம்.

ராஜம்மா விழுந்தடிச்சி ஓடுனாங்க. குமரவேலும் பின்னாலேயே ஓடுனாரு.

லோரி நிறுத்துற பின்பக்க ரோட்டுல கேட்டு. கேட்டுகிட்ட அகிலன். தல சீவி, பவுடர் போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோட நின்னு, நெத்திய கம்பியில மோதிக்கிட்டு இருந்தான்.

"சித்தப்பா! லோரி நின்னுபோச்சி! அப்பா வரல! அப்பா வரல!"

ராஜம்மா அவன் நெத்திக்கும் கம்பிக்கும் நடுவுல கைய வச்சாங்க. அடுத்த அடி அவங்க கையில விழுந்துச்சி. கைய எடுக்கல.

"வேல முடிஞ்சி முக்கு திரும்புறப்போ உங்கண்ணன் ஹார்ன் அடிக்க மாட்டாரு தம்பி. இந்தப் பாட்டத்தான் அலற விடுவாரு. அதக் கேட்டாத்தான் இவன் சோறு திம்பான். அவர ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதுலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. பாட்டப் போட்டப்புறந்தான் ரெண்டு வாய் தின்னான். பெட்டியக் காட்டுனா, எழுப்பு எழுப்புன்னே இவன் உசுர விட்டுருவான். அவரு வாசல் தாண்டுற வரைக்குமாவது..."

"நாளைக்கு, அண்ணி?"

ராஜம்மா முந்தானையால அவன் நெத்தியத் தொடச்சாங்க.

முன்பக்கம் பெட்டியத் தூக்க ஆளுங்கள கூப்புடுற சத்தம் கேட்டுச்சி.

குமரவேல் ஓடுனாரு. வயரச் சொருகுனாரு.

"யோவ் குமரவேலு, நீயுமா?"ன்னாரு சிவானந்தம் மாமா.

"வாய மூடுங்க மாமா!"

சத்தத்த எம்புட்டுத் திருக முடியுமோ அம்புட்டும் திருகுனாரு. அந்தப் பொண்ணு கிளுகிளுன்னு சிரிக்கையில, அண்ணன் பெட்டி வாசலத் தாண்டி வண்டியில ஏறுச்சி.

பாட்டையும் மீறி பின்னால அகிலன் கை தட்டுற சத்தம்.

"கிட்ட வந்துட்டாரு சித்தப்பா! அப்பா கிட்ட வந்துட்டாரு!"