மறுபாதி

"என்னாம்மா ரெனிட்டா இது? வலது தோள் எறங்கியிருக்கு, இடது இடுப்பு ஏறியிருக்கு. கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் புடிச்சுப்போச்சா?"

சிவராஜ் திரையைக் காட்டிக் கேட்டதும் சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓசூரில் ஏற்றுமதி உடைகள் தைக்கும் அந்தக் கம்பெனியில், துணி வெட்டுவதற்கான அளவு வரைபடமான பேட்டர்ன் போடும் பிரிவுக்குத் தலைவர் அவர். ரெனிட்டா அவருக்குக் கீழே வேலை பார்ப்பவள்.

"இல்லீங்க சார். நான்தான் மாத்தியிருக்கேன்."

அந்த மென்பொருளில் ஒரு பாதியை வரைந்தால் போதும். மறுபாதியைக் கண்ணாடியில் தெரிவதுபோல் அதுவே போட்டுவிடும். கம்பெனியில் நன்றாக விற்கும் நீளக் கவுன் ஒன்றின் பேட்டர்னை எடுத்து, அந்த வசதியை நிறுத்திவிட்டு, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக மாற்றி வரைந்திருந்தாள் ரெனிட்டா.

"எதுக்கு?"

"முதுகெலும்பு வளைஞ்சவங்க இருக்காங்களே சார். எந்த ரெடிமேட் போட்டாலும் அவுங்களுக்கு ஒரு பக்கம் தூக்கும், இன்னொரு பக்கம் தொங்கும். வெள்ளிக்கிழமை நம்ம ஃபேஷன் ஷோவுக்கு என் டிசைன் இதுதான்."

சிவராஜின் முகம் இறுகியது.

"அப்படி இருக்கறவங்க ரெண்டு சைஸ் பெருசா வாங்கி மாட்டிக்குவாங்க. நாலு பேரு கண்ணுல படாம இருந்தாப் போதும்னுதான் நெனப்பாங்க. மேடை ஏறி வந்து நிப்பாங்களா?"

"ஒருத்தி நிக்கறேன்னு சொல்லியிருக்கா சார்."

"நாலு பேரு சிரிச்சா அந்தப் பொண்ணு மனசு என்ன ஆகும்? யோசிச்சியா?" அவர் குரல் உயர்ந்துவிட்டது. "வேணாம். சொன்னாக் கேளு."

ரெனிட்டா கேட்கவில்லை. விஷயம் ஜெனரல் மேனேஜர் ராஜசேகர் வரை போனது. ஷோவுக்காகப் பெங்களூரிலிருந்து வந்திருந்த மாடலை அழைத்து அந்தக் கவுனைப் போட்டுக்காட்டச் சொன்னார் அவர். அது அவள் மேல் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. 'இது எனக்கில்லை' என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தாள் அவள்.

"பாத்தீங்களா சார்?" என்றார் சிவராஜ்.

"அது இவங்க அளவு இல்லீங்களே சார்" என்றாள் ரெனிட்டா.

ராஜசேகர் கவுனின் விளிம்பைத் தூக்கிப் பார்த்தார். "துணி வாங்கற வெளிநாட்டு பையர்ஸ் வர்றாங்க. அன்னிக்கு இது சொதப்பிச்சுன்னா அடுத்த சீசன்ல உன் டிசைன் ஒண்ணுகூடப் போகாது. சம்மதமா?"

"சம்மதம் சார்."

தைரியமாகச் சொல்லிவிட்டாளே தவிர, வெளியே வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ஆனால் பின்வாங்க மனம் வரவில்லை. மேடையில் நிற்கிறேன் என்று சொன்ன சுவாதியின் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெனிட்டா மாதா கோயிலிலிருந்து திரும்பியபோது, முதுகு வளைந்த அந்தப் பெண் வீட்டு வாசலில் காத்திருந்தாள். கல்லூரியில் படிக்கிறவளாம். "எனக்கு ஒரு டிரெஸ் வேணும்க்கா. எனக்குன்னே செஞ்சது" என்றாள். தன் வீட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ரெனிட்டாவின் வீட்டிலேயே முதலில் காடாத் துணியில் வெட்டித் தைத்துப் பார்த்தார்கள். அக்குளில் இழுத்தது. அளவை மாற்றி மறுபடி வெட்டியபோது கழுத்து ஒரு பக்கம் புடைத்தது. கட்டிங் மாஸ்டர் மாதேஷ் அலுக்காமல் வெட்டிக் கொடுத்தார். கடைசியில் ஒருநாள் துணி அவள் உடம்போடு சண்டை போடாமல் அமைதியாக இறங்கியது. கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்ற சுவாதி திரும்பி, "ஏதோ ஷோ இருக்குதுன்னீங்களேக்கா, அதுல இதைப் போட்டுக்கினு நானே நடக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"வீட்ல விடுவாங்களா?"

"அதை நான் பாத்துக்கறேங்க்கா."

வெள்ளிக்கிழமை மதியம் ஓட்டல் அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் ராஜசேகரும் அவருக்குப் பக்கத்தில் சிவராஜும். மாடல்கள் ஒவ்வொருவராக வந்து போனார்கள். எல்லோருக்கும் கடைசியாகச் சுவாதி வந்தாள்.

மெதுவாகத்தான் நடந்தாள். நிமிர்ந்து நடந்தாள். ஒரு தோள் இறங்கித்தான் இருந்தது; ஆனால் கவுன் எங்கும் தூக்கவில்லை, எங்கும் தொங்கவில்லை. அடி விளிம்பு தரையோடு ஒரே கோட்டில் அசைந்து வந்தது. நீல நிறம் அவளுக்கு அத்தனை எடுப்பாக இருந்தது.

பிறகு வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார். அடுத்த நொடி அரங்கமே எழுந்தது.

ராஜசேகர் மேடை ஓரத்துக்கு ஓடிவந்தார். "ரெனிட்டா, இதை எந்தெந்த சைஸ்ல குடுக்க முடியும்னு கேக்கறாங்கம்மா!"

"சைஸே இல்லீங்க சார். ஒவ்வொருத்தருக்கும் அளவெடுத்து, பேட்டர்னை மாத்தித் தரலாம்னு சொல்லுங்க" என்றாள் ரெனிட்டா.

அப்போதுதான் சிவராஜைக் கவனித்தாள். அவர் மட்டும் கைதட்டாமல், சிலை போல நின்றுகொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. இன்னும் கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள்.

சுவாதி மேடையிலிருந்து இறங்கினாள். பூங்கொத்தோடு நின்றவர்களைத் தாண்டி நேராகச் சிவராஜிடம் போனாள். அவர் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள்.

"ரெனிட்டாவால மாத்த முடியாத பேட்டர்னே கெடையாதுன்னு வீட்ல நீங்கதானேப்பா சொல்வீங்க? இப்ப சொல்லுங்க, உங்க பொண்ணு எப்படி இருக்கா?"