இடம் கொடுத்தவன்

"குண்டு வெச்சவன் எவனோ, அவன் வீட்டை மட்டும் இடிச்சாப் போதாது!"

நெற்றியில் கட்டோடு டயர்க்கடைக்காரர் எழுந்து நின்றதும் நகரமன்றக் கூடம் கப்சிப்பென்று ஆகிவிட்டது. பஸ் நிலையத்தில் குண்டு வெடித்தபோது கண்ணாடிச் சில்லு கிழித்த நெற்றி அது. அந்தக் கட்டைப் பார்த்த பிறகு அவரை உட்காரச் சொல்ல மன்றத் தலைவருக்கே வாய் வரவில்லை.

பக்கத்துப் பழக்கடைக்காரர் அவர் கண்ணெதிரேதான் செத்துப்போனார். ஒரு டீயை இரண்டாக வாங்கிக் குடித்த சிநேகிதம். கண்ணை மூடினால் அந்த முகம்தான் வந்து நிற்கிறது, அப்புறம் தூக்கம் எங்கே வரும்?

"குண்டு வெச்சவன் ஒருத்தன்தான். அவனுக்கு இடம் கொடுத்தவன் எவன்? அவன் வீட்டையும் தரைமட்டமாக்கணும். தீர்மானத்துல அதையும் சேருங்க!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. அது அடங்குவதற்குள் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். வேறு யாருமில்லை, அவருடைய கூடப்பிறந்த தங்கைதான். வக்கீல்.

"இடம் கொடுத்தவன்னா யாரு? அதை முதல்ல சொல்லுங்க. ஒளிச்சு வெச்சவனா, ஒரு வாய் தண்ணி கொடுத்தவனா, பஸ்ல நகர்ந்து உக்காந்தவனா?"

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். டயர்க்கடைக்காரருக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது.

"கோர்ட்டுல காட்டுற சாமர்த்தியத்தை இங்க காட்டாதே."

"தெரிஞ்சு கொடுத்தவனும் தெரியாம கொடுத்தவனும் ஒண்ணா அண்ணே? விசாரிக்காமலே இடிச்சுத் தள்ளினா நமக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?"

அந்தக் கடைசிக் கேள்வியை அவள் கேட்டிருக்கக் கூடாது. "உக்காருடி!" என்றது ஒரு குரல். "அவன்கிட்ட எவ்வளவு வாங்கினே?" என்றது இன்னொன்று. எங்கிருந்தோ பறந்து வந்த தண்ணீர் பாட்டில் அவள் தோளில் பட்டு விழுந்தது.

அவருக்குச் சுருக்கென்றது. கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போன தங்கை. ஆனாலும், "எறியாதீங்க" என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வீட்டிலிருந்துதான். மாடிக் குழாய் ஒழுகுகிறது, குடியிருக்கிற பையனும் ஊரில் இல்லை, சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று காலையிலேயே நச்சரித்துக்கொண்டிருந்தாள் மனைவி. நாடே பற்றி எரிகிறது, இவளுக்குக் குழாய்! துண்டித்தார்.

"தெரியாமன்னு ஒண்ணு கிடையவே கிடையாது!" அவர் தொண்டை கிழியக் கத்தினார். "விசாரணை, வாய்தான்னு இழுத்துக்கிட்டே இருந்தா அவன் அடுத்த குண்டை வெச்சிட்டுப் போயிடுவான். யாரையும் எதுவும் கேக்காதீங்க. இடிங்க!"

கைகள் மளமளவென்று உயர்ந்தன. எதிர்ப்பு என்று கேட்டபோது தங்கையின் கை மட்டும் தனியாக நின்றது. இடம் கொடுத்தவர் வீடும் இடிக்கப்படும், தெரியாது என்ற சமாதானம் ஏற்கப்படாது, இந்த நிமிடத்திலிருந்தே அமல் என்று தலைவர் அறிவித்தார்.

வெளியே போகிற வழியில் தங்கை அவர் முன்னால் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"செத்துப்போனவர் எனக்கும் அண்ணன் மாதிரிதான். எனக்கும் வயிறு எரியுது. அதுக்காகப் பழி பாவம் அறியாதவன் தலையில கல்லைப் போடச் சொல்றியே, நீயா இப்படி?"

"இனிமே என் வீட்டு வாசப்படியை மிதிக்காதே."

"மிதிக்கல" என்றாள். திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

ஆளாளுக்கு வந்து அவர் கையைக் குலுக்கினார்கள். யாரோ தோளில் தட்டி, "நீங்கதான் சார் ஆம்பளை" என்றார்கள். செத்தவனுக்கு நம்மால் முடிந்ததைச் செய்துவிட்டோம் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. குண்டு வெடித்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல்தடவையாக வயிறு பசித்தது.

போன் மறுபடியும் அதிர்ந்தது. இந்தத் தடவை எடுத்தார்.

"என்னடி, வந்துதான் தொலைக்கிறேனே! ஒரு குழாய்க்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?"

"குழாய் இல்லைங்க..." என்றாள் மனைவி. "போலீஸ் வந்து மாடிப் பூட்டை உடைச்சிட்டாங்க. குண்டு வெச்சவன்னு இப்பதான் டிவியில படம் காட்டுறாங்க, அது நம்ம மாடியில குடியிருக்கிற பையன்."

கூடத்தில் யாரோ அவரைக் காட்டி இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"வீடு யார் பேர்லன்னு கேக்குறாங்க... என்ன சொல்ல?"