கழுத்துப்பட்டை

"வரைபடத்துல கழுத்துப்பட்டைய மட்டும் எடுத்துரு, வடிவு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

அருமைநாயகம் சாதாரணமாகத்தான் சொன்னார். தூத்துக்குடி மீனவர்களுக்கு ஆறாயிரம் லைஃப் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் ஆர்டர் அவருடைய கம்பெனிக்குக் கிடைத்திருந்தது. அதை வடிவமைத்தவள் சண்முகவடிவு.

"முடியாது அண்ணாச்சி. கடல்ல விழுந்தவன் மயங்கிட்டாம்னா, தலையத் தூக்கிப் பிடிக்கது அந்தப் பட்டைதான். அது இல்லேன்னா முகம் தண்ணிக்குள்ள போயிரும். நாலு மாசமா மிதக்கவிட்டுப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்."

"நம்ம ஆளுவ ஜாக்கெட்ட எங்க போடுதானுவ? தலைக்கு வச்சுல்லா படுக்கானுவ. அதுக்கு எதுக்கு அவ்வளவு ஃபோம்?"

"உறுத்துதுன்னுதான் போடாம இருந்தாவ. திரேஸ்புரத்துல படகு படகா ஏறி, அவங்ககிட்டயே கேட்டு மாத்தியிருக்கேன். இப்பப் போடுதோம்னு சொல்லுதாவ."

"பட்டைய எடுத்தாத்தான் நமக்குக் கட்டுபடியாவும். ஆய்வுக்கு வந்தவங்களே நேத்து பட்டை இல்லாததப் பாத்து சரின்னுட்டுப் போயிட்டாவ. உனக்கு மட்டும் என்ன?"

சண்முகவடிவு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"எனக்குத் தெரியாமலே தச்சுக் காட்டிட்டியளா? அப்ப, எவன் செத்தாலும் பரவாயில்ல?"

"ஏன் அப்படிப் பேசுத? பட்டை இல்லேன்னாலும் நல்லாத்தான் மிதக்கும். நீதான் சின்ன விஷயத்தப் பெருசாக்குத."

அவள் அங்கேயே ஒரு தாளை இழுத்து, வேலையை விட்டு விலகுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"இனிமே இந்த வரைபடத்துல எம்பேரு இருக்கக் கூடாது."

அவர் கடிதத்தை வாங்கி, படிக்காமலேயே மேசை இழுப்பறையில் போட்டார்.

மேசைமேல் இரண்டு மாதிரி ஜாக்கெட்டுகள் கிடந்தன. ஒன்றில் பட்டை இருந்தது, இன்னொன்றில் இல்லை. இரண்டையும் வாரி எடுத்தாள்.

"மீனவர் சங்கத்துக்குப் போறேன். ரெண்டையும் அவங்க முன்னாடியே கடல்ல போட்டுக் காட்டுதேன்."

அதுவரை அலட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்த அருமைநாயகம் சட்டென்று எழுந்து, பட்டை வைத்த ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இத மட்டும் வச்சிட்டுப் போ."

"எதுக்கு? ஆய்வுதான் முடிஞ்சிட்டே. பட்டை இல்லேன்னாலும் நல்லாத்தான் மிதக்கும்னியளே?"

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"சனிக்கிழம எம்மவ ஜெப்ஸி காலேஜ் பிள்ளையளோட படகுல தீவுக்குப் போறா. அவளுக்கு நீச்சல் தெரியாது."