சங்கத்தின் எரிமலைச் சுற்றுலா

“இத்தாலி டிரிப்பைக் கான்சல் பண்ணும், பிள்ளை. நாற்பத்திரண்டு பேரும் போகேல்லை,” என்றார் சங்கத் தலைவர் தியாகராஜா. “செயற்குழு கூடி எடுத்த முடிவு. மாத்த ஏலாது.”

லண்டன் வெம்பிளியில் டிராவல் ஏஜென்சி நடத்தும் சயந்தினி கண்களைக் கசக்கினாள். எரிமலை வெடித்த நாளிலிருந்து அவள் பார்த்த கான்சலுக்குக் கணக்கில்லை.

“பயப்பிடாதேங்கோ அண்ணை. மலை அடங்கி ரெண்டு கிழமை. ரோட்டுச் சாம்பலையும் அள்ளிப்போட்டினம்.”

“ஷெல்லடிக்குள்ள சைக்கிள் ஓடினவன் நான். எனக்கென்ன பயம்?”

“அப்ப போங்கோவன். நீங்கள் தங்கப்போற வீட்டுக்காரர் அடிவாரத்தில உருளைக்கிழங்கு போடுறவர். தோட்டம் முழுக்கச் சாம்பலுக்குள்ள புதைஞ்சு போச்சு. இந்த வருசம் அந்தக் குடும்பம் உங்களை நம்பித்தான் இருக்கு.”

“பாவம்தான். ஒரு அனுதாபத் தீர்மானம் போடுவம்.”

“பயமில்லையெண்டா பிறகேன் அண்ணை கான்சல்?”

தியாகராஜா பெருமூச்சு விட்டார்.

“அடங்கிப்போச்சு எண்டு நீர்தானே சொல்றீர்? ஆண்டுமலர் அட்டைக்கு, நெருப்புக் கக்கிற மலைக்கு முன்னால நான் நிக்கிற படம் வேணும். சும்மா மலைக்கு முன்னால நிண்டு என்ன செய்யிறது?”

சயந்தினி அலுப்போடு இத்தாலிக்கு போன் எடுத்தாள். மலை அடங்கியதற்காகப் போன கிழமைதான் அந்தத் தோட்டக்காரர் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தியிருந்தார். அவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“மலைக்குப் பின்பக்கம் பழைய டயர்கள் கிடக்கின்றன,” என்றார் அவர். “எத்தனை மணிக்குப் படம் எடுப்பார்கள்?”